சேராத கடிதமும் நிரம்பிய கிடங்கும்



வீடு மாறுவது நம்மைப் போன்றவர்களுக்குப் பழகிப்போன காரியம். தஞ்சையிலிருந்து மும்பைக்கும், மும்பையிலிருந்து புனேக்கும், புனேயிலிருந்து தில்லிக்குமாக உத்தியோகம் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. சாமான்களைக் கட்டுகிறோம், பால்காரருக்குக் கணக்குத் தீர்க்கிறோம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களைப் பத்திரமாக எடுத்து வைக்கிறோம். ஆனால் பழைய முகவரிக்கு வரும் பத்திரிகையின் சந்தாவை நிறுத்தும்படி ஒரு வரி எழுத மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பத்திரிகை தவறாமல் வந்து பூட்டிய கதவின் கீழே விழுகிறது. நாளடைவில் குவியலாகிவிடுகிறது. புதிதாகக் குடிவருகிறவர் என்ன செய்வார்? எல்லாவற்றையும் வாரிப் பழைய காகிதக்காரரிடம் போடுவார். அந்தக் குவியலின் நடுவே யாரோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வங்கிக் கடிதமும் கிடந்ததென்றால், அது அவருக்கு எப்படித் தெரியும்?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். ஆனால் இந்தக் கடிதங்கள் மனிதர்கள் எழுதுபவை அல்ல. கணிப்பொறி நிரல்கள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்பவை. அயல் மாநிலங்களில் வாழும் தமிழர் வீடுகளில் கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கிறது. பையனோ பெண்ணோ எழுந்து உட்கார்ந்து, விடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "என்னப்பா ஆயிற்று?" என்று தாயார் கேட்டால், "டிஸ்க் நிரம்பிவிட்டது, அம்மா" என்று பதில் வருகிறது. அதற்குமேல் கேட்க அந்த அம்மாளுக்கும் தோன்றுவதில்லை. சொல்ல அவனுக்கும் பொறுமை இல்லை. அவன் அன்றிரவு என்ன செய்துகொண்டிருக்கிறான், அதில் ஏன் அவ்வளவு ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது என்பதைத் தாயாருக்கும், எந்த இடத்தில் கை தவறக்கூடும் என்பதைப் பிள்ளைக்கும் சொல்ல விரும்புகிறேன். கை தவறியவன் நான் என்பதால் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

ஒரு பெரிய வியாபார நிறுவனத்தில் ஒரே நிரல் எல்லா வேலையையும் செய்வதில்லை. ஆர்டர் வாங்குவது ஒன்று. கிடங்குக் கணக்கைப் பார்ப்பது இன்னொன்று. பணக்கணக்கு எழுதுவது வேறொன்று. இவை ஒன்றையொன்று நேராகக் கூப்பிட்டுப் பேசினால், ஒன்று உறங்கும்போது மற்றதும் நின்றுவிடும். ஆகவே நடுவில் ஒரு தபால் நிலையத்தை வைத்திருக்கிறார்கள். அனுப்புகிற நிரல் கடிதத்தை அங்கே கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பெறுகிற நிரல் தனக்கு நேரம் கிடைக்கும்போது வந்து வாங்கிக்கொள்ளும். இந்தத் தபால் நிலையத்துக்கு மெசேஜ் புரோக்கர் என்று பெயர். நாம் செய்தித் தரகர் என்று சொல்லலாம். தரகர்களில் பல உண்டு. நான் பல ஆண்டுகள் பழகியது அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூ என்பது. அதன் 5.4-ஆம் பதிப்பு முதல் கடிதங்களைச் சேமித்து வைக்க வழக்கமாக அமைந்துள்ள கிடங்குக்குக் காஹாடிபி என்று பெயர். இந்தக் கிடங்கு நிரம்புவதுதான் நம் கதை.

2015-ஆம் ஆண்டு. அப்போது நான் புனே நகரில், மருந்துக் கடைகளுக்கு மொத்தமாக மருந்து அனுப்பும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தேன். ஓர் இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. தரகர் நின்றுவிட்டது, கிடங்கிலிருந்து ஒரு பெட்டி வெளியே போகவில்லை, விடிந்தால் வண்டிகள் புறப்பட வேண்டும். பார்த்தேன். 50 கிகாபைட் வட்டில் இம்மியளவும் இடமில்லை. காஹாடிபியின் கோப்புறையில், டிபி என்ற எழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும் தாங்கிய கோப்புகள் ஏறக்குறைய 1,500 இருந்தன. ஒவ்வொன்றும் 32 மெகாபைட். கணக்குப் போட்டால் 48,000 மெகாபைட். பல மாதங்களுக்கு முந்திய தேதியிட்ட கோப்புகள்கூட அப்படியே கிடந்தன.

பழைய கோப்புத்தானே, இனி யாருக்கு வேண்டும் என்று எண்ணினேன். மிகப் பழையவற்றில் 300 கோப்புகளை ஒரே கட்டளையில் அழித்தேன். தரகரைத் திரும்பக் கிளப்பினால், 'குறிப்பேட்டுக் கோப்புகளைக் காணவில்லை' என்று சொல்லி அது எழ மறுத்தது. அமைப்புக் கோப்பில், காணாமற்போனவற்றைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் ஒரு விசை உண்டு. அதைத் திருப்பினேன். தரகர் எழுந்தது. நான் அழித்தது 300. ஆனால் அடுத்த நிமிஷத்துக்குள் தரகர் தானாகவே மேலும் பல நூறு கோப்புகளை விடுவித்துவிட்டது! வட்டில் பாதிக்குமேல் இடம். வண்டிகள் நேரத்துக்குப் புறப்பட்டன. மேலதிகாரி பாராட்டினார். நானும் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு உறங்கப் போனேன்.

பத்து நாட்கள் கழித்து ஒரு சிறு கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். காலாவதியான மருந்துகளைத் திருப்பி அனுப்பியதற்குத் தம் கணக்கில் வரவு வைக்க வேண்டிய தொகை இன்னும் வரவில்லை என்றார். தேடினோம். அவருக்கு எழுதிய வரவுக் குறிப்பு கிடங்கு நிரலிலிருந்து புறப்பட்டதற்குச் சாட்சி இருந்தது. பணக்கணக்கு நிரலுக்கு வந்து சேர்ந்ததற்குச் சாட்சி இல்லை. அவர் ஒருவர் மட்டும் அல்ல. 41 கடைக்காரர்களின் வரவுக் குறிப்புகள் நடுவழியில் மறைந்திருந்தன. அவை எங்கே இருந்தன என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். நான் குப்பை என்று அழித்த 300 கோப்புகளுக்குள் இருந்தன.

ஏன் இப்படி நேர்ந்தது என்று அறிய, அந்தக் கிடங்கு எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர் மளிகைக் கடைகளில் இரண்டு ஏடுகள் வைத்திருப்பார்கள். நடந்த வியாபாரத்தை நடந்த வரிசையிலேயே எழுதிச் செல்வது குறிப்பேடு. யார் கணக்கில் எவ்வளவு என்று பெயர்வாரியாகப் பிரித்துக் காட்டுவது பேரேடு. காஹாடிபியிலும் இந்த இரண்டும் உண்டு. வரும் கடிதம் ஒவ்வொன்றும் குறிப்பேட்டின் கடைசியில் எழுதப்படுகிறது. எந்த வரிசையில் எந்தக் கடிதம் பாக்கி நிற்கிறது என்பதைத் தனியான ஓர் அட்டவணைக் கோப்பு வைத்திருக்கிறது. அட்டவணை கெட்டுப்போனால் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்து அதைத் திரும்ப எழுதிவிடலாம். குறிப்பேடு போனால் போனதுதான்.

குறிப்பேட்டின் நடுவே எதையும் அழிப்பதில்லை. கடைசியில் எழுதிக்கொண்டே போவதுதான் முறை. அப்படி எழுதுவது வேகமானது. மின்சாரம் திடீரென்று நின்றாலும் முன்பு எழுதியது கெடாது. ஒரு கோப்பு 32 மெகாபைட் நிரம்பியதும் அடுத்த எண்ணில் புதிய கோப்பு தொடங்கும். அப்படியானால் இடம் எப்போது திரும்பக் கிடைக்கும்? தரகர் 30 விநாடிக்கு ஒரு முறை தன் கோப்புகளைப் பார்வையிடுகிறது. ஒரு கோப்பில் உள்ள எல்லாக் கடிதங்களும் உரியவர் கைக்குப் போய்விட்டன என்றால் அந்தக் கோப்பை முழுவதுமாக நீக்கிவிடுகிறது. ஒரே ஒரு கடிதம் பாக்கி நின்றாலும் அந்த 32 மெகாபைட் கோப்பும் நிற்கும். ஒரு பயணி இறங்கவில்லை என்பதற்காக ஒரு ரயில் பெட்டியையே ஒதுக்கி வைத்திருப்பதைப் போன்றது இது.

இவ்வளவோடு நின்றால் 41 கடிதங்களுக்கு 41 கோப்புகள்தானே நிற்க வேண்டும்? 1,500 எப்படி நின்றன? இங்கேதான் பலருக்கும் தெரியாத நுட்பம் இருக்கிறது. கடிதத்தைப் பெற்றுக்கொண்ட நிரல், "பெற்றேன்" என்று ஓர் ஒப்புகை தருகிறது. பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்படுமுன் அந்தத் தபாலோடு வந்துபோன ஒப்புகை அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்புகையும் அதே குறிப்பேட்டில்தான் எழுதப்படுகிறது. 1-ஆம் கோப்பில் உள்ள கடிதங்களுக்கான ஒப்புகைகள் பெரும்பாலும் 2-ஆம் கோப்பில் விழும். 1-ஆம் கோப்பு ஒரு பாக்கிக் கடிதத்தால் நிற்குமானால், 2-ஆம் கோப்பும் நின்றாக வேண்டும். ஏனெனில், நாளைக்கு அட்டவணை கெட்டுக் குறிப்பேட்டைப் படிக்க நேர்ந்தால், ஒப்புகை இல்லாத பழைய கடிதங்களெல்லாம் இன்னும் சேராதவைபோலத் தோன்றும். தரகர் அவற்றைத் திரும்பவும் விநியோகித்துவிடும். ஒருமுறை அனுப்பிய மருந்து மறுமுறையும் போகும். ஒருமுறை செலுத்திய பணம் மறுமுறையும் செலுத்தப்படும். ஆகவே 2 நிற்கிறது. 2 நிற்பதால், அதில் உள்ள கடிதங்களுக்கு ஒப்புகை தாங்கிய 3 நிற்கிறது. 3 நிற்பதால் 4. இப்படி ஒரு சங்கிலி, இன்றைய கோப்புவரை நீண்டுவிடுகிறது. சில கிலோபைட் அளவுள்ள ஒரு பழங்கடிதம் பல ஆயிரம் மெகாபைட்டைத் தாங்கிப் பிடித்திருக்க முடியும்.

அன்றிரவு தரகர் தானாகவே பல நூறு கோப்புகளை விடுவித்ததன் மர்மமும் இதுதான். சங்கிலியின் தலையை நான் வெட்டிவிட்டேன். அதில் தொங்கியவை அறுந்து விழுந்தன. என் சாமர்த்தியம் என்று நான் நினைத்தது 41 பேருடைய பணத்தின் விலை.

அந்த வரவுக் குறிப்புகள் முதலில் ஏன் பாக்கி நின்றன? பணக்கணக்கு நிரலில் தொடக்க மாதங்களில் ஒரு குறை இருந்தது. உரிம எண்ணில் எழுத்துக் கலந்திருந்தால் அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாமல் அது திருப்பித் தந்துவிடும். ஆக்டிவ்எம்கியூவின் வழக்கம் இது: திரும்பி வந்த கடிதத்தை மறுபடி 6 முறை கொடுத்துப் பார்க்கும், அப்போதும் ஏற்கப்படாவிட்டால், சேராக் கடிதங்களுக்கென்று உள்ள தனி வரிசையில் போட்டு வைக்கும். டெட் லெட்டர் கியூ என்று அதைச் சொல்வார்கள். அந்தக் குறையைப் பிறகு யாரோ திருத்திவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே சேராக் கடித வரிசையில் விழுந்தவற்றை எடுத்துத் திரும்ப அனுப்ப ஒருவருக்கும் நினைவில்லை. அந்த வரிசை யாருடைய பொறுப்பு என்பதையே ஒருவரும் தீர்மானிக்கவில்லை. ஊரார் கேணியைத் தூர்வாருவது யார் என்பதைப் போல அது கிடந்தது.

காகிதப் பிரதிகளைத் தேடி எடுத்து 41 கணக்குகளையும் சரிசெய்ய மூன்று வாரம் பிடித்தது. அது முடிந்த சில நாட்களில், அதே வட்டு மறுபடியும் நிரம்பத் தொடங்கியது.

இம்முறை எனக்குத் துணையாக வந்தவர் அந்த அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான ஒரு மராத்தியப் பொறியாளர் அம்மையார். நான் கட்டளை எழுதக் கை வைத்ததும் அவர் தடுத்தார். "எந்தக் கோப்பு பழையது என்று நீங்கள் பார்க்கிறீர்கள். அதை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா?" என்றார். கிடங்குக் கோப்புகளைப் பற்றி நான் கற்ற பாடமெல்லாம் இந்த ஒரு கேள்வியில் அடங்கும். அவர் காட்டிய வழியை முறையாகச் சொல்கிறேன்.

முதலாவது, நிரப்பியது எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். குறிப்பேட்டுக் கோப்புகள்தாமா? அல்லது, வட்டில் நிலையாக வைக்க வேண்டாதவையென்று அனுப்பப்பட்டு, நினைவகத்தில் இடமில்லாமல் தற்காலிகக் கிடங்குக்குத் தள்ளப்பட்ட செய்திகளா? குறித்த நேரத்தில் கொடுக்கச் சொல்லி ஒப்படைத்த கடிதங்களின் தனிக் கிடங்கா? நீக்க வேண்டிய கோப்புகளை நீக்காமல் காப்பகத்துக்கு நகர்த்தும்படி யாரேனும் அமைத்துவிட்டார்களா? அல்லது பக்கத்திலுள்ள வேறொரு நிரலின் பதிவுகளா? கோப்புறை ஒவ்வொன்றின் அளவையும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, தரகர் நின்றுபோயிருந்தால் அதை எழுப்பக் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கடிதக் கிடங்கிலிருந்து எடுக்கக் கூடாது. பழைய பதிவுகளைச் சுருக்கியோ வேறு வட்டுக்கு மாற்றியோ, வட்டையே பெரிதாக்கியோ இடம் தேட வேண்டும். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால், அந்த நிரல் அதை மூடும்வரை லினக்ஸ் அந்த இடத்தைத் திருப்பித் தராது. இதை அறியாமல், அழித்தும் இடம் வரவில்லையே என்று மேலும் மேலும் அழித்தவர்கள் உண்டு.

மூன்றாவது, நிர்வாகப் பக்கத்தில் வரிசைகளைப் பார்வையிட வேண்டும். எந்த வரிசையில் கடிதங்கள் பாக்கி நிற்கின்றன? வாங்குபவர் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? வாங்குபவர் எண்ணிக்கை சுழியாக இருந்து பாக்கி ஏறிக்கொண்டே போனால், அங்கே ஒரு நிரல் உறங்குகிறது. பாக்கி சிறிய எண்ணாக, பல நாளாக அசையாமல் நின்றால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. சங்கிலியின் தலை அங்கேதான் இருக்கும். சேராக் கடித வரிசையைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

நான்காவது, சந்தாதாரர்களைப் பார்க்க வேண்டும். தரகர் கடிதம் கொடுப்பதில் இரண்டு விதம் உண்டு. வரிசையில் இட்ட கடிதம் ஒருவருக்கு மட்டும் போகும். இன்னொன்று பத்திரிகை போன்றது. டாபிக் என்று பெயர். கேட்கும் எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி உண்டு. அதில் நிலைச் சந்தாதாரர் என்று பதிவு செய்துகொண்டவர், இணைப்பில் இல்லாத நாட்களிலும் அவருக்கான பிரதிகளைத் தரகர் பத்திரமாக வைத்திருக்கும். அவர் வரவே மாட்டார் என்று தரகருக்குத் தெரியாது. யாரும் சொல்லாதவரை அது காத்துக்கொண்டே இருக்கும்.

ஐந்தாவது, இவற்றால் விளங்காவிட்டால், தரகரையே வாய் திறந்து பேசச் செய்யலாம். காஹாடிபியில் கோப்புகளைப் பராமரிக்கும் பகுதிக்கு மட்டும் பதிவின் நுணுக்கத்தை டிரேஸ் என்ற நிலைக்கு உயர்த்தினால், 30 விநாடிக்கு ஒரு முறை தன் யோசனையை அது எழுதிக் காட்டும். நீக்கத் தகுந்தவையாக இருக்கக்கூடிய கோப்பு எண்களை முதலில் பட்டியலிடும். பிறகு ஒவ்வொரு வரிசையின் பெயரையும், ஒவ்வொரு டாபிக்கின் பெயரையும் சொல்லி, அதைப் பார்த்த பின் எஞ்சிய எண்களை எழுதும். வரிசைக்கு 0 என்றும் டாபிக்குக்கு 1 என்றும் அடையாளம் இட்டிருக்கும். எந்தப் பெயரைக் கடந்ததும் பட்டியல் சுருங்குகிறதோ, அந்தப் பெயருக்கு உரியவர்தாம் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறார். முடிவு தெரியாமல் பாதியில் நிற்கும் பரிவர்த்தனை ஏதேனும் இருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் அகப்பட்டுவிடும்.

நாங்கள் அப்படிப் பார்த்தபோது, விலை அறிவிப்புகளுக்கான டாபிக்கைக் கடந்ததும் பட்டியல் ஒரேயடியாக வெறுமையாயிற்று. அதன் சந்தாதாரர்களில் ஒருவர் பல மாதங்களாக இணைப்பில் இல்லை. விசாரித்தால், நாசிக் நகரில் இருந்த ஒரு கிளை புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, அங்கிருந்த நிரலும் புதிய பெயரில் புதிதாகச் சந்தா எடுத்துக்கொண்டது. பழைய பெயரை ரத்து செய்ய மறந்துவிட்டார்கள். புதிய பெயருக்குத் தினமும் விலை அறிவிப்புகள் ஒழுங்காகப் போயின. பழைய பெயருக்கும் தினமும் ஒரு பிரதி சேர்ந்துகொண்டே இருந்தது. பூட்டிய கதவின் கீழே பத்திரிகை விழுந்துகொண்டிருந்தது.

இப்போதும் அம்மையார் அவசரப்படவில்லை. கிளை மேலாளரை அழைத்து, பழைய பெயர் இனி வேண்டாம் என்பதையும், அதற்குச் சேர்ந்த அறிவிப்புகள் எல்லாம் புதிய பெயருக்கும் சேர்ந்துவிட்டன என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டார். அதன் பிறகே அந்தச் சந்தாவை நிர்வாகப் பக்கத்திலிருந்து நீக்கினார். 30 விநாடி காத்திருந்தோம். கோப்புகளின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்து சில பத்துகளில் வந்து நின்றது. ஒரு கோப்பைக்கூட நாங்கள் கையால் தொடவில்லை. காரணம் நீங்கியதும் தரகர் தானே தன் வீட்டைப் பெருக்கிக்கொண்டது.

வெளிப் பார்வைக்கு இரண்டு தடவையும் ஒரே நோய்தான்: வட்டு நிறைந்தது, கோப்புகள் குவிந்தன. ஆனால் முதல் தடவை பிடித்து வைத்திருந்தவை யாருக்கோ சேர வேண்டிய பணம். இரண்டாம் தடவை பிடித்து வைத்திருந்தது, எழுந்துபோய்விட்ட ஒருவரின் வெறும் பெயர். முதலாவதைச் சேர்ப்பித்திருக்க வேண்டும். இரண்டாவதை அடித்திருக்க வேண்டும். கோப்பின் தேதியையும் அளவையும் மட்டும் பார்ப்பவனுக்கு இந்த வேற்றுமை ஒருநாளும் தெரியாது.

வருமுன் காப்பதற்கும் வழிகள் உண்டு. ஆக்டிவ்எம்கியூவின் 5.14-ஆம் பதிப்பு 2016-இல் வெளிவந்தது. தொடர்ந்து பல சுற்றுகள் எதையும் நீக்க முடியாமல் போனால், பழைய ஒப்புகைகளை மட்டும் எடுத்து முன்னால் உள்ள புதிய கோப்பில் எழுதிச் சங்கிலியை அறுக்கும் ஏற்பாடு அதில் சேர்ந்தது. கிடங்கு வளர்ந்துகொண்டே இருக்கும் சமயத்தில் வழக்கமான அமைப்பில் இது செயல்படாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மெதுவாக வாங்கும் நிரல்களின் கடிதங்களுக்குத் தனிக் கிடங்கு அமைத்துவிட்டால், அவற்றால் மற்றவை தேங்கமாட்டா. நீண்ட காலம் வராத நிலைச் சந்தாதாரரைத் தானாக நீக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் நாமாகக் காலவரம்பு குறித்தாலன்றி அது இயங்காது.

கிடங்குக்கு உச்சவரம்பு குறிப்பதும் அவசியம். வழக்கமாக அமைந்திருப்பது 100 கிகாபைட். வட்டில் அவ்வளவு இடம் இல்லையென்றால், தரகர் கிளம்பும்போதே எச்சரித்து, அப்போதுள்ள காலியிடத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளும். பிறகு மற்ற நிரல்கள் அந்த வட்டையே நிரப்பினால், எழுத இடமில்லாமல் தரகர் நின்றுவிடும். வட்டின் அளவுக்குக் கீழே ஒரு வரம்பை நாமே குறித்தால், வரம்பு எட்டியதும் தரகர் அனுப்புவோரைக் காக்க வைக்கும். அதுவும் சங்கடம்தான், ஆயினும் முழுவதும் நின்றுபோவதைவிட மேல்.

கடிதங்களுக்கு ஆயுள் குறிப்பது நல்ல வழக்கம். நேற்றைய விலை அறிவிப்பு நாளைக்கு யாருக்கும் உதவாது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. வட்டில் நிலையாக வைக்கப்படும் கடிதங்கள் ஆயுள் முடிந்ததும், வழக்கமான அமைப்பில், மறைந்துவிடுவதில்லை. சேராக் கடித வரிசைக்குப் போய்ச் சேர்கின்றன! ஆகவே ஆயுள் குறித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர், அந்த வரிசைக்கு ஒரு பொறுப்பாளரையும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகச் சேராக் கடித வரிசை அமைப்பது இன்னும் நல்லது. எந்த வீட்டுக் கடிதம் சேரவில்லை என்பது அப்போது பெயரிலிருந்தே தெரியும்.

மற்றத் தரகர்களோடு பழகுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாக் கிடங்கும் ஒரே மாதிரி அல்ல. காஃப்கா என்ற தரகர், கடிதம் படிக்கப்பட்டதா என்று பார்த்து நீக்குவதே இல்லை. குறித்த காலம் கடந்ததா என்று பார்த்து நீக்கும். வழக்கமான காலம் 168 மணி, அதாவது 7 நாள். அங்கே வட்டு நிரம்பினால் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நாளுக்கு வைத்திருக்கச் சொன்னோம் என்பது. ராபிட்எம்கியூவில், காலியிடம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் அனுப்புவோரைத் தடுத்து நிறுத்திவிடும். அந்த அளவு வழக்கமாக 50 மெகாபைட்தான். பெரிய வேலைக்கு அது போதாது. ஒரு தரகரின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பது ஆபத்து. எந்தத் தரகராக இருந்தாலும் அழிக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது ஏன் இன்னும் இங்கே இருக்கிறது?

நள்ளிரவில் உறக்கம் கலைந்து திரையின் முன் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொள்வது இது. திரையில் தெரிவது எண்களும் கோப்புகளும்தான். ஒவ்வொன்றின் மறுமுனையிலும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் உங்களை அறியமாட்டார். உங்கள் தரகரின் பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டார். தமக்கு வரவேண்டியது வரும் என்று நம்பிக் காத்திருக்கிறார். வண்டி பத்து நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அழித்த கடிதத்தைத் திரும்ப எழுத முடியாது. எங்கள் 41 கடைக்காரர்களில் இருவருடைய காகிதப் பிரதிகள் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர்கள் வாய்ச்சொல்லையே நிறுவனம் ஏற்று வரவு வைத்தது. அந்த நாணயம் எல்லா இடத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த முறை நள்ளிரவில் உங்கள் பிள்ளை திரையைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால், வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். யாருடைய கடிதம் எங்கே நிற்கிறது என்று அவன் தேடிக்கொண்டிருக்கக்கூடும். அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு தம்ளர் காப்பி கொடுத்தால் போதும்.